சூசையப்பர் திருநாளுக்குப் போன சூரை

வஸ்தியானோவின் கட்டிலுக்கு அடியில் எலி செத்து நாலு நாள் ஆகியிருந்தது. அவன் பெஞ்சாதி பெர்னா, அக்காள் மகள் பிரசவத்துக்கென்று பக்கத்து ஊர் பொத்சுவோலிக்குப் போயிருந்தவள், அன்றுதான் திரும்பினாள். கதவைத் திறந்ததுமே தலைத்துணியை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். எலி ஊதி வெடித்து, தரைப் பலகையில் நீர் கசிந்து கிடந்தது. புழுக்கள் கட்டில் காலில் ஏறிக்கொண்டிருந்தன. மேலே வஸ்தியானோ சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரொட்டியில் பூண்டைத் தேய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"என்னட்டி, பேயைக் கண்ட மாதிரி நிக்கே?" என்றான்.

அவள் நேரே கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். எலியைப் பலகைத் துண்டில் வாரி வெளியே வீசினாள். சாம்பல் போட்டுத் தரையைத் தேய்த்தாள். பிறகு வந்து அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்து?"

"எது?"

"மூக்கு."

அவன் வாயில் இருந்ததை மென்று விழுங்க வெகுநேரம் எடுத்துக்கொண்டான். "போன மாசம் வந்த காய்ச்சல்ல போச்சு," என்றான். "வெளிய ஒரு வார்த்த சொன்னே, கடல்ல விழுந்து செத்துருவேன்."

அவர்களுக்குக் கீழ் அறையில்தான் நான் குடியிருந்தேன். பலகை இடுக்கு வழியாகப் பேச்சு கேட்கும். எலித் தண்ணியில் இரண்டு சொட்டு என் படுக்கையிலும் விழுந்திருந்தது.

எரிமலை வெடித்துச் சாம்பல் கொட்டி நாலு வருஷம் ஆகியிருந்த காலம் அது. நேப்பிள்ஸில் எங்கள் பக்கம் முழுக்க மீனால் பிழைத்தது. கடலிலிருந்து இருநூறு அடியில் மீன்கல். சாய்வாகப் போட்ட பெரிய பெரிய கற்பலகைகள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு. கல்லுக்குக் கீழே ஒரே நீளச் சாக்கடை. குடல், செவுள், செதில், கணவாய் மை எல்லாம் அதில்தான் போகும், போகாமல் தேங்கும். கோடையில் அது மேலே ஆடை கட்டிக் கொப்பளிக்கும். அந்தச் சாக்கடை முடிகிற இடத்தில் நான் எலுமிச்சை விற்றேன். மீன் வாங்கினவர்கள் போகிற வழியில் இரண்டு பழம் வாங்கிப் போவார்கள். மீன் எவ்வளவு மோசமோ அவ்வளவு பழம் விற்கும். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

மீன்காரனுக்குக் கை, கத்தி, தொண்டை எல்லாம் அப்புறம், மூக்குதான் முதல். கண்ணை ஏமாற்றலாம். செவுளில் ரத்தத்தைத் தடவினால் சிவப்பு, கண்ணில் எண்ணெயைத் தொட்டு வைத்தால் பளபளப்பு. மூக்கை ஏமாற்ற முடியாது. வஸ்தியானோவின் மூக்கு ஊர் அறிந்த மூக்கு. பத்தடி தள்ளி நின்றே இது எந்தக் கரையில் இறங்கினது, எத்தனை நாழிகை ஆச்சு என்று சொல்லுவான். பிரபு வீட்டுச் சமையல்காரர்கள் மற்ற கல்லில் வாங்கின மீனைக்கூட அவனிடம் கொண்டுவந்து, "மாஸ்டரே, ஒரு தடவ மோந்து சொல்லும்," என்பார்கள். அவன் குனியக்கூட மாட்டான். நின்ற வாக்கில் மூச்சை இழுத்து, "நேத்து மத்தியானம். கொண்டுபோய்ப் பொரி, அவிக்காதே," என்பான். எதிர்க்கல் சிக்கா வாய் கிழிந்தவள், இருபது வருஷமாக அவனோடு போட்டி. அவள்கூட அந்த மூக்கை மட்டும் கேலி பண்ணினதில்லை.

அந்த மூக்கு போன பிறகு புருஷனும் பெஞ்சாதியும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். படகு மீன் ஏலத்துக்கு வரும்போது பெர்னா அவன் பக்கத்தில் ஒட்டி நிற்பாள். நல்ல மீன் என்றால் அவன் முழங்கையைத் தொடுவாள். கெட்டது என்றால் கால்விரலை மிதிப்பாள். அவன் வழக்கம்போல மூச்சை இழுத்துத் தலையை ஆட்டுவான். அந்த மழைக்காலம் முழுக்க இப்படி ஓடியது. ஒருத்தருக்கும் தெரியவில்லை.

தை பிறந்ததும் பெர்னாவுக்கு நாள் தள்ளிப்போனது. நாற்பத்தொரு வயது. அதற்கு முன்னால் மூன்று பெற்று மூன்றையும் மண்ணில் வைத்தவள். சந்தோஷப்படலாமா கூடாதா என்று யோசிக்கிறதுக்குள் வாந்தி வந்துவிட்டது. சும்மா வாந்தி இல்லை. ரொட்டி வேகிற வாசனைக்கு வாந்தி. கோயிலில் மெழுகு எரிகிற வாசனைக்குப் படியில் ஓடிவந்து வாந்தி. என் எலுமிச்சைக் கூடையைத் தாண்டும்போது கையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவாள். அலைவாயில் துள்ளுகிற நெத்திலிகூட அவளுக்குப் பிணமாக நாறியது. அப்படி இருக்கையில் வஸ்தியானோவின் கால்விரலுக்கு என்ன கதி? எந்த மீன் வந்தாலும் மிதி. ஒரு நாள் உயிர் இருக்கிற சங்கரா மீனை அவன் "வேண்டாம், கெட்டது," என்று தள்ளிவிட, அது கல்லில் வாலை அடித்துத் துள்ளியது. கூடி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்று வீட்டில் சண்டை.

"உன்ன நம்பி நான் ஊர் சிரிக்க நின்னேன்."

"எனக்கு எல்லாம் நாறுது. நான் என்ன செய்ய? உள்ள இருக்கது அப்படிப் பண்ணுது."

"அப்ப வீட்ல கிட. இனி சொம்மோ நிப்பான்."

சொம்மோ அவன் தம்பி. முப்பது வயது, சீட்டாட்டக்காரன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மீன்கல்லுக்கு வருகிற ஒரே ஆள். அவனுக்கு மூக்கு நன்றாகவே இருந்தது. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் அவனுக்கு வேறு கணக்கு. படகுக்காரர்களிடம் தனியாக எதையாவது வாங்கிக்கொண்டு, செத்து ரெண்டு நாளானதையும் "நல்ல மீன், அண்ணே," என்று முழங்கையைத் தொட்டான். அண்ணன் நம்பினான். தம்பி இல்லையா.

தவக்காலம் வந்தது. இறைச்சிக்கடை சாத்திவிட்டால் ஊருக்கே மீன் வேண்டும். பார்த்து வைத்த மாதிரி அந்த வாரம் சிரோக்கோ காற்று ஆரம்பித்தது. தெற்கிலிருந்து வருகிற சூடான, ஈரமான காற்று. சுவர் வியர்க்கும். சட்டை முதுகில் ஒட்டும். உப்பு கல்லாகிவிடும். ஐந்து நாள் ஒரு படகும் இறங்கவில்லை. சாக்கடை வெயில் கண்டு ஊதியது. பூனைகள்கூட நிழலில் வாயைத் திறந்துகொண்டு படுத்துக் கிடந்தன.

ஆறாம் நாள் சூசையப்பர் திருநாள். மேட்டுத் தெருவில் தாய் தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளை வளர்க்கிற மடம் ஒன்று இருந்தது. நூற்றுப் பத்துப் பிள்ளைகள். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் முட்டைக்கோசும் கொண்டைக்கடலையும்தான். சூசையப்பர் அன்றைக்கு மட்டும் யாரோ எழுதி வைத்த தர்மத்தில் மீன் உண்டு. அந்த மீன் பதினோரு வருஷமாக வஸ்தியானோ கல்லிலிருந்து போகிறது. மடத்துச் சமையல்காரி லௌதோமியா முந்தின நாளே வந்து, "நாப்பது ராத்தல். உம்ம மூக்கு பாத்ததா இருக்கணும், மாஸ்டரே. சின்னப் பிள்ளைக திங்கது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திருநாள் காலையில் சொம்மோ எட்டு சூரை மீன் கொண்டுவந்தான். தெற்கே எங்கேயோ காற்றில் மாட்டிக்கொண்ட படகு. மீன் அடித்தளத்தில் மூன்று நாள் கிடந்தது. அது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போதே தெரிந்தது வேறு ஒன்று. வீட்டுப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நான் பழம் கழுவப் போனபோது, சொம்மோ வெள்ளைச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குந்தியிருந்தான். பக்கத்தில் ஒரு கலயத்தில் ஆட்டு ரத்தம். நோயாளிகளுக்கென்று அனுமதி வாங்கி ஆடு அறுக்கிறவனிடமிருந்து வாங்கி வந்திருக்கிறான். கந்தைத் துணியை முக்கி முக்கிச் செவுள் செவுளாகத் துடைத்துக்கொண்டிருந்தான். ரத்தத்தில் ஈ மிதந்தது. ஈயையும் சேர்த்தே தடவினான்.

"ஓய், எலுமிச்சை," என்றான் என்னைப் பார்த்து. "ஒரு நாப்பது பழம் எடும்."

"எதுக்கு நாப்பது?"

"திங்கதுக்கு."

நான் கொடுத்தேன். அவன் பழத்தை வெட்டி மீன் வயிற்றுக்குள் பிழிந்து பிழிந்து விட்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு என் இடத்துக்குப் போய்விட்டேன்.

கல்லில் மீனைப் பரப்பியதும் பெர்னா வந்தாள். வரக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். திருநாள் என்று வந்தாள். மூன்றடி தள்ளியே நின்றுவிட்டாள். முகம் சாம்பலாகிவிட்டது.

"இது அழுகினது," என்றாள்.

"மயினி, நேத்து உங்களுக்கு ரொட்டி நாறுச்சு," என்றான் சொம்மோ. "முந்தாநா மாதா சுரூபம் நாறுச்சு. நாங்க மாதாவத் தூக்கிச் சாக்கடையில போட்டமா?"

பக்கத்துக் கல்லில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இது அப்படி இல்ல. இது வேற. தொண்டைக்குள்ள போய் நிக்கி." புருஷனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

வஸ்தியானோ ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தான். சிவப்பு. கண்ணைப் பார்த்தான். பளபளப்பு. முதுகை விரலால் அழுத்தினான், கெட்டியாகவே இருந்தது. அத்தனை பேர் நடுவே மூச்சை ஆழமாக இழுத்தான். இழுத்து, கண்ணை மூடித் திறந்தான். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. கெட்ட மீனுக்கு இல்லை. உள்ளே ஒன்றும் போகாத அந்த மூச்சுக்கு.

"இன்னைக்கு விடிய இறங்கின மீன்," என்றான். "கூடையில அடுக்கு, சொம்மோ."

கூடை மேட்டுத் தெருவுக்குப் போய்விட்டது. பெர்னா வெயில் ஏறுகிற வரைக்கும் கல்லோரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கே அவள் மூக்கின் மேல் நம்பிக்கை இல்லை. மீன்தான் நாறுகிறதா, தன் மூக்குதான் பொய் சொல்லுகிறதா என்று தெரியாமல் எத்தனை நாளாகக் கிடந்தவள். மிஞ்சி இருந்த ஒரு மீனின் வயிற்றிலிருந்து விரலகலத் துண்டை நகத்தால் கிள்ளி முட்டைக்கோசு இலையில் சுருட்டினாள். ஓங்கரிப்பை அடக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டி எதிர்க்கல்லுக்குப் போனாள். சிக்காவின் கல்லுக்கு. அவர்கள் இரண்டு பேரும் ஏசிக்கொள்வதைத் தவிர வேறு பேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை.

"என்ன, மகராசி இங்க வந்திருக்கா?" என்றாள் சிக்கா, கணவாயைக் கிழித்துக்கொண்டே. "உன் புருசன் கல்லு இடிஞ்சு விழுந்துட்டா?"

"இத மோந்து பாரு."

"நான் எதுக்குப் பாக்கணும்? உங்க வீட்லதான் நேப்பிள்ஸ் பட்டணத்து மூக்கே இருக்கே."

"எக்கா," என்றாள் பெர்னா. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு சிக்கா கத்தியை வைத்துவிட்டாள். "எனக்கு எல்லாம் நாறுது. எது மெய்யா நாறுதுன்னு தெரியல. நீ சொல்லு. உன் காலப் பிடிக்கேன்."

சிக்கா இலையைப் பிரித்தாள். முகர்ந்தாள். எலுமிச்சை வாசனையில் புருவத்தைச் சுருக்கினாள். துண்டை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினாள். அது களியாகப் பிதுங்கியது. நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள். உடனே காறித் துப்பி, கல்லில் இருந்த தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்து, மறுபடியும் துப்பினாள்.

"மிளகு மாதிரி குத்துது. சூரை இப்படிக் குத்திச்சுன்னா மூணு நாளு தாண்டிட்டு. அடச் சவமே, இத எங்க வித்தீங்க?"

"மடத்துக்குப் போயிருக்கு."

"எந்த மடம்? பிள்ளைக மடமா?" சிக்காவின் குரல் இறங்கிவிட்டது. "அவனுக்கு மூக்கு இல்லையாட்டி?"

பெர்னா தலையைக் குனிந்துகொண்டாள். சிக்கா அவள் முகத்தையே பார்த்தாள். விஷயத்தைக் கண்டுகொண்டிருப்பாள். "ஓடு," என்றாள். "நின்னு அழாத. ஓடு."

பெர்னா முதலில் புருஷனிடம்தான் போனாள். என் காதுபடத்தான் பேசினார்கள்.

"சிக்கா நாக்குல வச்சுப் பாத்தா. மூணு நாளு மீன். ஆள அனுப்பி நிறுத்துங்க."

"சிக்காகிட்ட போனியா?" அவன் முகம் இறுகிவிட்டது. "எங்கிட்ட இருக்க மீன எடுத்துட்டு அவகிட்ட போனியா? என்ன சொன்னே? என்னப் பத்தி என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. பிள்ளைக திங்கப் போவுது..."

"எங்கல்லுல இருந்து போன மீன் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல."

"உங்க தம்பி உங்கள..."

"வாய மூடு!"

சொம்மோவைத் தேடினால் ஆளைக் காணவில்லை. பெர்னா வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேட்டுத் தெருவில் ஓடினாள். நானும் கூடையைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். ஏன் ஓடினேன் என்றால் நாற்பது பழம் கொடுத்தவன் நான். வழியெல்லாம் திருநாளுக்கு மாவுருண்டை பொரிக்கிற எண்ணெய் வாசனை. இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஓடினாள்.

மடத்துச் சமையல்கட்டில் மீன் பொரித்தாகிவிட்டது. திராட்சைக் காடியிலும் பூண்டிலும் புதினாவிலும் ஊறப்போட்டுப் பெரிய மண்சட்டிகளில் நிரப்பியிருந்தார்கள். லௌதோமியா கரண்டியோடு திரும்பினாள்.

"என்ன பெர்னா, திருநாள் சாப்பாட்டுக்கு வந்தியா?"

"அந்த மீனக் கொட்டிருங்க. அழுகினது."

"பைத்தியமா? காடி வாசனைதான் வருது. நல்லா கமகமன்னு..."

"நான் மீன்காரன் பெஞ்சாதி சொல்லுதேன். எங்க மீன் அழுகினது. எங்க வீட்டு மீன். கொட்டுங்க!"

லௌதோமியா கரண்டியைக் கீழே வைத்தாள். "சின்னதுகளுக்கு முதல் பந்தி போட்டாச்சே," என்றாள்.

உள்ளே நீள மேசையில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து வயது, ஆறு வயது, ஏழு வயது. எல்லாருக்கும் ஒரே மாதிரி மொட்டை, ஒரே மாதிரி சாம்பல் அங்கி. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மீனை எலும்பைக்கூட விடாமல் சப்பியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி கன்னத்தைச் சொறிந்தாள். அடுத்தவளுக்கு முகம் சிவந்தது. கழுத்து, காது எல்லாம் வெந்த நண்டு மாதிரி. பிறகு ஒரு பிள்ளை மேசை மேலேயே வாந்தி எடுத்தது. அதைப் பார்த்து அடுத்தது. பதினேழு பேர். அதில் பதினொன்றுக்கு வயிற்றாலும் போக ஆரம்பித்தது.

அந்தக் கூடத்தில் அன்று கிடந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை. காடியும் புளித்த மீனும் பிள்ளைகளின் மலமும் சிரோக்கோ புழுக்கத்தில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கன்னியாஸ்திரீகளில் இரண்டு பேர் வெளியே ஓடிவிட்டார்கள். ரொட்டி வாசனைக்கு வாந்தி எடுக்கிற பெர்னா தரையில் மண்டிபோட்டு, பிள்ளை பிள்ளையாக நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். அவளும் வாந்தி எடுத்தாள். பிள்ளைக்கு ஒரு வாளி, தனக்கு ஒரு வாளி. எடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைத் தூக்கினாள். ருபினா என்று ஒரு ஏழு வயதுக்காரி அவள் மடியிலேயே கண் செருகிவிட்டாள். அந்தப் பிள்ளை மூன்று நாள் கண் திறக்கவில்லை. நாலாம் நாள் திறந்து தண்ணீர் கேட்டது. ஒரு பிள்ளையும் சாகவில்லை. அதற்கு நாங்கள் யாரும் காரணமில்லை.

அன்று மாலைக்குள் சந்தை அதிகாரியின் சேவகர்கள் வந்து வஸ்தியானோவைக் கட்டிக் கூட்டிப்போனார்கள். விற்காமல் கிடந்த மூன்று சூரையையும் சாட்சிக்கென்று ஒரு பீப்பாயில் போட்டு மூடி எடுத்துப்போனார்கள். சொம்மோ அன்றே ஏதோ ஒரு படகில் ஏறிவிட்டான். வெள்ளைச் சட்டையை மட்டும் தொட்டிப் பக்கம் விட்டுவிட்டுப் போயிருந்தான், முழங்கை வரை ரத்தத்தோடு.

தண்டனை இப்படி: கெட்ட மீனைக் கழுத்தில் கட்டி மீன்கல் நடுவே தூணில் ஒரு காலை முழுக்க நிறுத்துவது. தெரிந்தே விற்றான் என்றால் அதோடு போகாது. மூன்று வருஷம் ராஜாவின் கப்பலில் துடுப்பு வலிக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் துடுப்பில் உட்கார்ந்தவன் எழுந்து வந்ததாக எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

பெர்னா அதிகாரி காலில் போய் விழுந்தாள். "எசமான், அவருக்கு மூக்கு செத்துப்போச்சு. வாசனையே தெரியாது. தம்பி ஏமாத்திட்டான்."

அதிகாரி சிரித்துவிட்டார். "வஸ்தியானோவுக்கு மூக்கு இல்லையா? என் வீட்டுக்கு வார மீனையே அவன்தான் மோந்து சொல்லுதான். வேற ஏதாவது சொல்லு, போ."

அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "மோந்துதான் குடுத்தேன்," என்றான் வஸ்தியானோ.

சிறையில் கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் நின்றேன். பெர்னா கேட்டாள்: "உண்மையச் சொன்னா கப்பல் இல்ல. ஏன் சொல்ல மாட்டேங்கீங்க?"

"மூக்கில்லாத மீன்காரன்னு என்ன ஊரு சொல்லணுமா?"

"அதுக்குப் பிள்ளைகளுக்கு விசம் வச்ச திருடன்னு சொன்னாப் பரவால்லையா?"

"திருடனுக்கு மூக்கு இருக்கு," என்றான்.

பெர்னா அவனைப் பார்த்தாள். அழுகின மீனைப் பார்க்கிறபோது அவள் முகம் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது. திரும்பி நடந்தாள்.

நாலு நாள் கழித்து அவனைத் தூணில் நிறுத்தினார்கள். காலை மணி அடித்ததும் பீப்பாயைத் திறந்தார்கள். திறந்த சேவகன் இரண்டடி பின்னால் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். மீன் மீனாக இல்லை. கயிற்றைக் கோத்துத் தூக்கினால் தலை தனியாக வந்தது. எப்படியோ சாக்குக்குள் அள்ளிக் கட்டி அவன் கழுத்தில் தொங்கவிட்டார்கள். சாக்கிலிருந்து தவிட்டு நிறத்தில் நீர் ஒழுகி அவன் மார்பில் இறங்கி, வயிற்றில் இறங்கி, காலடியில் தேங்கியது. ஈக்கள் அவன் முகத்தை மூடின. ஜனம் சுற்றி நின்று முட்டையும் குடலும் எறிந்தது. அழுகின முட்டை உடைந்து அவன் இரண்டு கண்ணையும் மூடிவிட்டது. கை பின்னால் கட்டியிருந்ததால் துடைக்க முடியவில்லை.

வஸ்தியானோ ஓங்கரித்தான். தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி, "ஐயோ, நாத்தம்! தாங்க முடியலையே!" என்று கத்தினான். ஜனத்துக்குக் கொண்டாட்டம். "மோந்து பாரும் மாஸ்டரே! எத்தனை நாழிகை மீன்?" என்று கூவினார்கள். அவன் இன்னும் சத்தமாக ஓங்கரித்தான். எனக்கும் பெர்னாவுக்கும் மட்டும்தான் தெரியும்: அவன் நடிக்கிறான். அதைப் பார்க்க எனக்கு அந்தச் சாக்கைவிட அருவருப்பாக இருந்தது.

பெர்னா சிக்காவின் கல்லுக்குப் போனாள். ஒன்றும் கேட்கவில்லை. சிக்காவும் ஒன்றும் கேட்காமல், இருந்ததில் நல்லதாக ஒரு சங்கராவை எடுத்துக் கொடுத்தாள். அன்று விடிய இறங்கினது. வால் இன்னும் வளைந்துகொண்டிருந்தது. காடியில் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெர்னா அவர் முன்னால் போய் மீனை நீட்டினாள்.

"எசமான், இது எப்படி இருக்கு? மோந்து பாருங்க."

அவர் கைக்குட்டையை விலக்கி முகர்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. அதுக்கென்ன?"

அவள் தூணுக்குப் போனாள். ஜனம் அவள் அடிக்கப் போகிறாள் என்று நினைத்து வழிவிட்டது. சாக்கு நாற்றத்தில் அவள் உடம்பு குலுங்கியது. ஒரு தடவை குனிந்து கீழே வாந்தி எடுத்தாள். நிமிர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், அந்தச் சங்கராவை அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். கண் மூடிக் கிடந்த அவனுக்கு உதட்டில் குளிர்ச்சி பட்டது. பக்கத்தில் ஆள் நிற்பது தெரிந்தது. இன்னும் மோசமான எதையோ கொண்டுவந்து நீட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பான். வஸ்தியானோ தலையைப் பின்னால் இழுத்து, நரம்பு புடைக்க ஓங்கரித்தான்.

"இதுதான்! இதுதான் ரொம்ப நாறுது! எடுங்க, எடுங்க!"

ஜனம் எறிவதை நிறுத்திவிட்டது. சிக்காதான் முதலில் சிரிக்க ஆரம்பித்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி எழுந்து வந்தார். சுற்றுமுற்றும் பார்த்து, என் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, சேவகன் கத்தியால் இரண்டாக வெட்டி, அவரே அவன் மூக்கடியில் பிடித்தார். வஸ்தியானோ அதற்கும் ஓங்கரித்தான். அப்போது ஜனம் சிரித்தது பாருங்கள், அந்த மாதிரி சிரிப்பை நான் கேட்டதில்லை. கல்லிலிருந்து கல்லுக்குப் பரவி, மேல் ஜன்னல்களுக்கு ஏறி, கடற்கரை வரை போயிருக்கும். அந்தச் சிரிப்பில்தான் அவனுக்குப் புரிந்தது. வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அப்புறம் அவன் ஓங்கரிக்கவில்லை. மீதிக் காலை முழுக்கக் கல் மாதிரி நின்றான். ஈ வாய்க்குள் போய் வந்தது. துப்பவில்லை.

கப்பல் தண்டனை போனது. கல்லும் போனது, மூக்கில்லாதவனுக்கு மீன்கல் எதற்கு என்று மீன்காரர் சங்கத்தார் அதை வேறு குடும்பத்துக்கு எழுதிவிட்டார்கள். பின்னால் அவன் உப்புக் கிடங்கில் மூட்டை தூக்கினான். பெர்னா சிக்காவிடம் கணவாய் கழுவப் போனாள். புரட்டாசியில் ஒரு பெண்பிள்ளை பிறந்து, அது தங்கியது. சொம்மோவைப் பற்றி யாரும் கேள்விப்படவில்லை. கேள்விப்பட விரும்பவும் இல்லை. நான் அந்த நாற்பது பழத்தைப் பற்றி அதிகாரியிடம் சொல்லவில்லை. பெர்னாவிடம் சொன்னேன். "தெரியும்," என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த மத்தியானம்தான். உச்சி மணி அடித்ததும் அவனைத் தூணிலிருந்து அவிழ்த்துவிட்டார்கள். வீடு வரைக்கும் பெர்னா முன்னால் நடந்தாள், அவன் பின்னால் நடந்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பின்வாசல் கிணற்றடியில் அவன் சட்டையைக் கழற்றி எரித்தோம். அவனைக் கல்லில் உட்காரவைத்து, நான் தண்ணீர் இறைத்துக் கொடுக்க, அவள் ஊற்றினாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். காடி ஊற்றித் தேய்த்தாள். தலையில், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், அக்குளில். தோல் சிவந்து கீறிப்போயிற்று. அவன் மரம் மாதிரி இருந்தான். தூணிலிருந்து இறங்கினதிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. இனி அவளோடு சாகிற வரைக்கும் பேசமாட்டான் என்றுதான் நான் நினைத்தேன்.

எட்டாவது வாளியோ ஒன்பதாவது வாளியோ, தலையைக் குனிந்தபடியே கேட்டான்: "போச்சா?"

அவள் வாளியை வைத்தாள். ஈரத் தலைமுடியை விலக்கி, அவன் பிடரியில் மூக்கை வைத்து முகர்ந்தாள். அடுத்த நிமிஷம் திரும்பி ஓடிச் சாக்கடையில் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பழைய இடத்தில் நின்றாள்.

"இல்ல," என்றாள். "இன்னும் இருக்கு."

உனக்கு எல்லாம்தான் நாறும் என்று சொல்லப்போகிறான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கையை முழங்காலில் ஊன்றி, கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தான்.